தோளுக்கு மேல் ஒரு வளையம்

ஒரகடம்
30.11.2025

அன்புள்ள அக்கா,

திருச்சி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே வந்து நின்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "பெல்ட் போட்டிருந்தியா?" என்பது. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. கையைக்கூடப் பிடிக்கவில்லை. நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் திட்ட முடியாமல் திரும்புகிறாய் என்று நினைத்தேன். பஸ் விக்கிரவாண்டி தாண்டும்போதுதான் நான் கேட்டது என்ன கேள்வி என்று எனக்கே உறைத்தது.

எங்கள் ஆபீசில் எந்த விபத்துச் செய்தி வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பழகிப்போன வாய், உன் கட்டிலருகிலும் அதையே கேட்டுவிட்டது. மன்னித்துக்கொள்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் புரியும்படி நீ சொன்னாயே: "டிரைவர் தோளுக்கு மேல, கதவோரத் தூண்ல ஒரு வளையம் இருக்கும்மா. பெல்ட்டு அதுக்குள்ள நுழைஞ்சுதான் இறங்கி வரும். அந்த வளையத்தத்தான் உன் மக வரையுறா." அதேதான் இன்றும் என் வேலை. பெல்ட் அந்த வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு மூலையில் போய் மடிந்து சிக்கிவிட்டால் தன் பெட்டிக்குள் திரும்பிச் சுருளாது. உடம்பின் மேல் தொளதொளவென்று கிடக்கும். அதனால்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. ஆனாலும் அதை இரண்டாவதாகக் கேட்டிருக்கலாம்.

உன் போன் விபத்தில் நொறுங்கிவிட்டது. மாமா போனுக்கு அனுப்பினால் அவர் உரக்கப் படித்துத்தான் உனக்குக் காட்டுவார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் தபால். கோபம் இருந்தால் கோபமாகவே எழுது.

தமிழ்மொழி


பெரம்பலூர்
5.12.2025

தமிழு,

வாயைத்தான் கட்டியிருக்கிறார்கள், கையை யாரும் கட்டவில்லை. எழுதுகிறேன்.

கேழ்வரகுக் கூழும் பழச்சாறும் உறிஞ்சு குழாயில் போகிறது. அம்மா சாம்பாரை வடிகட்டி அதையும் குழாயில் கொடுத்துப் பார்த்தாள். அது வேண்டாம், அந்தக் கதையை நேரில் சொல்கிறேன். முன்பல் இரண்டு போனது போனதுதான். உன் மாமா என்னிடம், "ஒரு வாரமா வூடு அமைதியா இருக்கு, சாமிக்குத் தேங்கா ஒடைக்கணும்" என்கிறார். கம்பியை எடுக்கட்டும், இருக்கிறது அவருக்கு.

எல்லோரும் கேட்டார்கள். போலீஸ்காரர் கேட்டார், நர்ஸ் கேட்டார். ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் முன்பின் தெரியாத ஒருவர், "பொம்பள லோடு வண்டி ஓட்டுனா இப்பிடித்தான்" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அதெல்லாம் என்னைத் தொடவில்லை. நீ கேட்டதுதான் உள்ளே போய்விட்டது.

போட்டிருந்தேன்டி. அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து பெல்ட் போடாமல் நான் சாவி திருகியதில்லை. ஷோரூமில் வண்டி எடுக்கும்போதே, "இந்த வளையம் எங்க தங்கச்சி கம்பெனியில செஞ்சதாங்க?" என்று கேட்டு, அந்தப் பையன் உள்ளே போய் விசாரித்து வந்து ஆமாம் என்றானே. அப்புறம் நான் போடாமல் இருப்பேனா?

அன்றைக்கு அரியலூர் மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். பேரளிப் பக்கத்தில் முன்னால் போன சுண்ணாம்புக்கல் டிப்பர் திடீரென்று நின்றது. பிரேக்கை முழுசாக மிதித்தும் அதன் பின்னால் போய் இடித்தேன். பெல்ட் என் மேல் கல்யாண மாலை மாதிரித் தொங்கிக் கிடந்தது. அதற்கு முன்பே பல நாளாக அப்படித்தான். இழுத்தால் வரும், விட்டால் திரும்பப் போகாது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும், காட்ட வேண்டும் என்று தள்ளிப் போட்டேன்.

நான் கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. போட்டிருந்தேன் என்று தலையாட்டினால், அப்புறம் எப்படி அடிபட்டது என்று உனக்கே தெரிந்துவிடுமே. அதற்காகத் திரும்பினேன். இப்போது நீ மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதியதும் மறைக்க மனசு வரவில்லை.

சாப்பிடு. ஹாஸ்டல் சோறு பிடிக்கவில்லையென்று பிஸ்கட்டில் காலம் தள்ளாதே.

மணிமொழி


ஒரகடம்
10.12.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மொட்டைமாடியில் துணிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். படித்துவிட்டு யாரோ காயப்போட்டிருந்த போர்வையை மடித்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அந்தப் பெண் வந்து கேட்டபோதுதான் என் கையில் இருந்தது தெரிந்தது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன மாதத்திலிருந்து எங்களுக்கு இதே புகார் வந்துகொண்டிருக்கிறது. சேலம், கோயம்புத்தூர், ஓசூர் என்று பல ஊர்களிலிருந்து. எல்லோரும் உன் வார்த்தையையே எழுதியிருக்கிறார்கள்: இழுத்தால் வருகிறது, விட்டால் போகவில்லை.

அந்த வளையத்தின் உதட்டில், பெல்ட் உரசும் இடத்தில், முன்பு வேறு பூச்சு இருந்தது. அதை மாற்றி இன்னும் வழுக்கலான மெல்லிய பூச்சு போடலாம் என்று சொன்னது நான்தான். நான் வேலைக்கு வந்து முதன்முதலாக வாய் திறந்து சொன்ன யோசனை அது. எங்கள் மேலாளர் அம்பிகா மேடம் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பூச்சுதான் உரிந்து பெல்ட்டைப் பிடிக்கிறதோ என்று இங்கே பேச்சு.

உன் வண்டியின் வளையத்தை எனக்கு அனுப்ப முடியுமா? மற்ற ஊர்களிலிருந்து இன்னும் ஒன்றுகூட வந்து சேரவில்லை. உன்னுடையதை முதலில் பார்த்துவிடுகிறேன். வண்டியில் வளையத்தை மட்டும் மாற்றினால் போதாது. ஒருமுறை விபத்தில் இழுபட்ட பெல்ட்டை மறுபடி நம்பக் கூடாது. முழு பெல்ட்டையும் புதிதாகப் போடச் சொல்.

என் பூச்சுதான் காரணம் என்று தெரிந்தால் நான் இந்த வேலையில் இருக்க மாட்டேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

தமிழ்மொழி


பெரம்பலூர்
14.12.2025

தமிழு,

வளையம் கூரியரில் வருகிறது. மெக்கானிக் கொளஞ்சியப்பன் அண்ணன் பெல்ட்டை அறுத்துத்தான் அதை எடுத்தார். "ஏம்மா, உந்தங்கச்சி கம்பெனியில இத வச்சு என்ன ஜோசியமா பாக்கப் போறாங்க?" என்றார். உன் ஆபீசுக்கு வருகிற பொருள் என்பதால் நல்லபடியாக அனுப்பியிருக்கிறேன். உனக்குக் குறைவு வராது.

கூடவே அம்மா முறுக்கும் வைத்திருக்கிறாள். எனக்கு மெல்ல முடியாதென்று தெரிந்தும் என் கண் முன்னாலேயே சுட்டாள். அந்தக் கடுப்பில் நாலைந்து உடைந்த நிலையில் வரும்.

வேலையை விடுவது அது இது என்று எழுதாதே. படிக்கும்போது தாடை வலிக்கிறது.

மணிமொழி


ஒரகடம்
22.12.2025

அன்புள்ள அக்கா,

வளையம் வந்தது. சோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் பிரசாத் அதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவிக்கு அடியில் வைத்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உதடு முழுக்கக் கீறல், அக்கா. ஒன்றிரண்டு இல்லை. என் பூச்சு பல இடங்களில் இல்லவே இல்லை, அடியில் இருக்கும் இரும்பு தெரிகிறது. பெல்ட் ஓடி ஓடித் தேய்ந்தால் ஓட்டத்தின் திசையில் தேயும். இது தாறுமாறாக இருந்தது. பிரசாத் நல்லவர், திரையை அணைத்துவிட்டார். ஆனால் அறிக்கையில் பார்த்ததைத்தானே எழுத முடியும்? 'பூச்சு பலவீனமானது, கொஞ்ச நாளிலேயே உரிந்துவிட்டது' என்று எழுதினார். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அம்பிகா மேடம் என்னைக் கூப்பிட்டு, மற்ற வளையங்களும் வரட்டும், அவசரப்பட வேண்டாம் என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

ராஜினாமாவை எழுதி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நம் ஊர்ப் பக்கம் செந்துறையில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கக் கேட்கலாம். எத்தனையோ பேர் தினமும் அந்த வளையத்தை நம்பி வண்டியில் உட்காருகிறார்கள். அதில் ஒருத்தி நீ. உன் முகத்தை அப்படிப் பார்த்த பிறகு என்னால் இன்னொரு கோடு வரைய முடியவில்லை. மவுஸைப் பிடித்தால் விரல் நகர மாட்டேன் என்கிறது.

அம்மாவிடம் இப்போது சொல்லாதே.

தமிழ்மொழி


பெரம்பலூர்
26.12.2025

அடி கூறு கெட்டவளே,

கம்பி மட்டும் இல்லையென்றால் நான் போடுகிற சத்தம் ஒரகடத்துக்கே கேட்டிருக்கும்.

தாறுமாறாகக் கீறல் என்றாயே, எப்படிப்பட்ட கீறல்? வட்டம் வட்டமாகவா? பாத்திரம் தேய்த்த மாதிரியா? பாத்திரம்தான்டி தேய்த்தது!

கொளஞ்சியப்பன் அண்ணன் கழற்றிக் கொடுத்தபோது அது பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாலு படிச்சவங்க ஒக்காந்து பாக்குற எடத்துக்கு இப்பிடியாடி அனுப்புவ? நம்ம புள்ள மானம் போயிரும்" என்றாள். உடனே புளித் தண்ணீரில் ஊறப் போட்டாள். அப்புறம் பாத்திரம் விளக்கும் பொடியைப் போட்டு, கம்பி நாரை எடுத்து அரைமணி நேரம் தேய்த்தாள். நடுவில் அவளுக்குக் கை ஓய்ந்ததும் நான் வாங்கித் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று ஆக்கித்தான் அனுப்பினோம். நல்லபடியாக அனுப்பியிருக்கிறேன் என்று அதற்குத்தான் எழுதினேன். அந்தப் பிரசாத் சார் எங்கள் கம்பி நாரைத்தான் ஆராய்ச்சி செய்திருக்கிறார்.

அதில் என்ன அழுக்கு என்று கேட்பாய். சந்தனமும் குங்குமமும்தான். ஆயுத பூஜைக்கு வைத்தது.

அப்பா இருந்தவரை, தான் கூலிக்கு ஓட்டிய வீட்டு டிராக்டரை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சக்கரச் சேறு போகக் கழுவித் துடைத்து நிறுத்துவார். அதற்கப்புறம் அவர் தள்ளி நிற்க வேண்டும். பொட்டு வைப்பது அந்த வீட்டுக்காரர்கள். நீ அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது. நான் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இப்போது நமக்கென்று ஒரு வண்டி இருக்கிறது. நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. சந்தனத்தைக் கிண்ணம் நிறையக் குழைத்து ஸ்டியரிங், கியர், கதவு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் வைத்தேன். வளையத்துக்குத்தான் இருப்பதிலேயே அதிகம். உன் கை பட்ட பொருள் அது. ஒரு பொட்டோடு நிறுத்த மனசு வருமா? சுற்றிலும் அப்பினேன். அது காய்ந்து, வெங்காயத் தூசியும் வியர்வையும் ஏறி, கல்லு மாதிரி ஆகிவிட்டது.

இதை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பெல்ட் திரும்பப் போகாமல் நின்றது எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்த்தேன். பூஜைக்கு அப்புறம்தான், தமிழு. அதற்கு முன்னால் விட்டால் பாம்பு மாதிரி ஓடிப் போகும்.

அப்படியென்றால் இது நானே செய்துகொண்டதா?

மாமாவிடம் கேட்க முடியாது, சிரிப்பார். நீ சொல். ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சொல்.

மணிமொழி


ஒரகடம்
30.12.2025

அக்கா,

அறுத்த பெல்ட் எங்கே இருக்கிறது? தூக்கிப் போடவில்லையே? இருந்தால் அப்படியே அனுப்பு. துவைக்காதே. தட்டாதே. வெயிலில் போடாதே. அம்மாவை அது இருக்கும் பக்கமே விடாதே.

உன் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நீ செய்துகொண்டது இல்லை. அந்த வளையத்தைத் தூசியில் வைத்துச் சோதித்தோம். குளிரிலும் சூட்டிலும் சோதித்தோம். ஓயாமல் இழுத்து இழுத்து விட்டோம். இந்த ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் வருடம் ஒருமுறை அதற்குச் சந்தனம் வைப்பார்கள் என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அறையில் நானும் இருந்தேன். உன் தங்கையாக இருந்துகொண்டு எனக்கே தோன்றவில்லை. யோசித்திருக்க வேண்டியது நாங்கள்.

அப்பா தள்ளி நின்றதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது.

ராஜினாமாவை இன்னும் கிழிக்கவில்லை. பெல்ட் வரட்டும்.

தமிழ்மொழி


ஒரகடம்
11.1.2026

அன்புள்ள அக்கா,

பெல்ட் வந்தது. வெங்காயச் சாக்கில் சுற்றி, மேலே கொட்டை எழுத்தில் 'கழுவவில்லை' என்று நீ எழுதியிருந்ததை ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி சத்தமாகப் படித்தார்.

பிரித்ததும் பிரசாத் அதை மேஜையில் நீளமாக விரித்தார். பெல்ட்டின் ஓர் ஓரம் நெடுகச் சிவப்பு. குங்குமம் நூலுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. அந்த ஓரம்தான் வளையத்தின் மூலையில் மடிந்து சிக்கியிருக்கிறது. மடிப்பின் தடம்கூட இருந்தது. அதற்குள் சேலத்து வளையமும் வந்துவிட்டது. அதை யாரும் கழுவவில்லை. மூலையில் மஞ்சளாக, கெட்டியாக, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. அதற்கு அடியில் என் பூச்சு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது, அக்கா.

ஆனாலும் உறுதி செய்ய வேண்டும். கடைக்குப் போய்ச் சந்தனமும் குங்குமமும் வாங்கி வந்தேன். புது வளையத்துக்கு, உன் மாதிரியே கஞ்சத்தனம் இல்லாமல் அப்பினேன். "தமிழ், இது லேபா கோயிலா? செருப்பக் கழட்டிட்டு வரணுமா?" என்று பிரசாத் கேட்டார். காயவைத்து, தூசி தூவி, இழுத்து விட்டோம். முதலில் ஓடியது. பிறகு தயங்கியது. பிறகு மூலையில் மடிந்து நின்றுவிட்டது. உன் வண்டியில் நின்ற மாதிரியே.

வெள்ளிக்கிழமை மீட்டிங். பெரியவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஒருவர், "அப்ப இது உபயோகிக்கிறவங்க தப்பு. நம்ம பொருள்ல குறையில்ல. ஃபைல மூடிடலாம்" என்றார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் அங்கேயே நிறுத்திக்கொண்டால் போதும், வேலை தப்பியது. ஆனால் உன்னுடைய 'நானே செய்துகொண்டதா' என்ற வரி எனக்குள் இருந்தது. அந்த ஃபைலை மூடினால் அதற்கு ஆமாம் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

எழுந்து நின்றேன். "அடுத்த வருஷமும் வைப்பாங்க சார்" என்றேன்.

"அதுக்கென்னம்மா, சந்தனம் வைக்காதீங்கன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்" என்றார்.

"ஒட்டுனா அந்த ஸ்டிக்கருக்கும் சேத்து வைப்பாங்க சார்."

நான் நிஜமாகத்தான் சொன்னேன், அக்கா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்பிகா மேடம் மட்டும் சிரிக்காமல், "அப்ப நீ என்ன சொல்ற தமிழ்?" என்று கேட்டார்.

நான் இரவு வரைந்து வைத்திருந்ததைக் காட்டினேன். வளையத்துக்கு மேலே அதன் போல்ட்டை மறைக்க ஒரு வட்ட மூடி உண்டு. இப்போது அது வழவழவென்று உருண்டையாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் அகலமாக்கி, நடுவில் கட்டைவிரல் அமரும் அளவுக்கு லேசாகக் குழித்திருக்கிறேன். கீழே ஒரு சிறு விளிம்பு. சந்தனம் அதைத் தாண்டி இறங்காது. பெல்ட் ஓடும் வழிக்கு வராது. பொட்டு வைக்க வருகிறவர்கள் விரல் தானாக அங்கேதான் போகும். வைக்காதே என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உதட்டின் மூலை வளைவையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், தப்பித்தவறிப் பட்டாலும் பெல்ட் மடியாமல் இருக்க.

மாதிரி செய்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டிகளுக்கு வர நாளாகும். அதுவரை புகார் வந்த ஊர்களில் சர்வீஸ் ஆட்களை அனுப்பி வளையத்தைத் துடைத்துக் கொடுக்கவும் ஏற்பாடு. மீட்டிங் குறிப்பில் காரணம் என்ற இடத்தில் 'உபயோகிப்பவர் தவறு' என்று இருந்ததை அம்பிகா மேடம் அடித்துவிட்டு, 'எங்கள் சோதனையில் விடுபட்டது' என்று எழுதினார்.

ராஜினாமாவைக் கிழித்தேன். பொங்கலுக்கு வருகிறேன். புது பெல்ட்டை நான் பார்க்காமல் வண்டியை எடுக்காதே.

தமிழ்மொழி


பெரம்பலூர்
25.1.2026

தமிழு,

தாடைக் கம்பியை எடுத்தும் புது போன் வாங்கியும் ஆகிவிட்டது. ஆனாலும் இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய். அதனால் எழுதுகிறேன்.

பொங்கலன்று நீ வண்டிக்குள் உட்கார்ந்து புது பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டாயே, அம்மா இன்னும் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "படிக்க வச்ச புள்ள, ஊஞ்சக் கயித்த ஆட்டுற மாரி ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு." நீ இருந்தவரை நான் தைரியசாலி மாதிரி நின்றேன். நீ பஸ் ஏறிய பிறகு சாவியை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். ஒரு வாரம் அப்படியே போனது. உன் மாமாதான் தினமும் காலையில் கண்ணாடியை மட்டும் துடைத்து வைத்துவிட்டுப் போவார்.

இன்று காலை ஆலத்தூரிலிருந்து வெங்காய லோடு கூப்பிட்டார்கள். சரி என்று வாய் சொல்லிவிட்டது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்காமலே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெல்ட்டைப் போடச் சொன்னேன். "எனக்கு எதுக்குடி இது, நான் என்ன ஓடியா போப்போறேன்?" என்றாள். உன் மக செஞ்சதும்மா என்றதும் பேசாமல் போட்டுக்கொண்டாள். நான் என்னுடையதை இழுத்து மாட்டினேன். தோளில் வந்து ஒட்டி உட்கார்ந்தது.

அரியலூர் ரோட்டில் ஏறியதும் முன்னால் ஒரு டிப்பர். நல்ல தூரம் விட்டே போனேன். பேரளி வரப்போகிறது, வரப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. அம்மாவானால் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பல் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறாள். தங்கப்பல் கட்டலாமாம், சிரித்தால் எடுப்பாக இருக்குமாம். நான் வேண்டாம் என்கிறேன், அவள் விடுகிறதாக இல்லை. "ஒரு பல்லாச்சும்" என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, கடுப்பும் வருகிறது.

"சும்மா வாம்மா, பேரளி வரப்போவுது, ரோட்டப் பாத்து ஓட்டணும்" என்றேன்.

"பேரளியா? அது போயி எம்புட்டு நேரம் ஆச்சு" என்றாள் அம்மா.

மணிமொழி